ஆன்லைன் எம்.எட். என்று ஒரு ஏஜென்சி சொல்கிறது. வைஸ் பிரின்சிபல் ஆக எதைப் படிப்பது?

கோவில்பட்டி_கணக்கு கேட்டது:

எம்.எஸ்சி. கணிதம், பி.எட்., இரண்டும் ரெகுலர். சி.பி.எஸ்.இ. பள்ளியில் 9 வருடமாக பி.ஜி.டி. (முதுகலை ஆசிரியர்). இரண்டு வருடத்தில் வைஸ் பிரின்சிபல் பணிக்கு விண்ணப்பிக்கும் எண்ணம். வேலையை விட்டுவிட்டுப் படிக்க வழியில்லை. வார நாட்களில் இரவு ஒரு மணி நேரம், சனிக்கிழமை மூன்று மணி நேரம், ஞாயிறு ஐந்து மணி நேரம். இவ்வளவுதான் கையில் இருப்பது.

ஒரு ஏஜென்சியில் "ஒரே வருடத்தில் ஆன்லைன் எம்.எட்., யு.ஜி.சி. அப்ரூவ்டு, வீட்டிலிருந்தே பரீட்சை" என்கிறார்கள். முன்பணம் கட்டினால் மற்றதெல்லாம் அவர்களே பார்த்துக்கொள்வார்களாம். இன்னொரு பக்கம் இக்னோ திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் கல்வி மேலாண்மை டிப்ளமோ, எம்.ஏ. எஜுகேஷன், எம்.பி.ஏ. என்று ஆளுக்கொன்று சொல்கிறார்கள்.

1. ஆன்லைன் எம்.எட். செல்லுமா?
2. மற்றவற்றில் எது வேலைக்கு ஆகும்?
3. நேர்காணலில் இந்தச் சான்றிதழைப் பார்ப்பார்களா, வேறு ஏதாவது பார்ப்பார்களா?

---

சுண்ணாம்புக்கட்டி:

மேடம், முதலில் அந்த முன்பணத்தைக் கட்டாதீங்க.

எம்.எட். என்பது என்.சி.டி.இ. (தேசிய ஆசிரியர் கல்விக் குழுமம்) கட்டுப்பாட்டில் இருக்கும் படிப்பு. அவர்களுடைய 2014 விதிமுறைகளில் ஆசிரியர் கல்விக்கு 15 வகைப் படிப்புகள் இருக்கு. அதில் தொலைநிலையில் நடத்த இடம் கொடுத்திருப்பது இரண்டுக்குத்தான்: தொடக்கக் கல்வி டிப்ளமோவும் பி.எட்.டும். எம்.எட்.டுக்கு அந்த வழியே இல்லை. ஆன்லைன் எம்.எட். என்று ஒருத்தர் விற்றால், ஒன்று அது எம்.ஏ. எஜுகேஷனாக இருக்கும், இல்லையென்றால் வெறும் காகிதம். எம்.ஏ. எஜுகேஷன் நல்ல படிப்புதான், ஆனால் அதை எம்.எட். என்று எந்த விண்ணப்பத்திலும் எழுத முடியாது. பி.எட். கல்லூரி விரிவுரையாளர் ஆசை இருந்தால் நேரடி எம்.எட். தான் வழக்கமான வழி. பள்ளி நிர்வாகத்துக்கு எம்.எட். கட்டாயமே இல்லை, பெரும்பாலான விளம்பரங்களில் முதுகலை, பி.எட்., இத்தனை வருட அனுபவம் என்றுதான் இருக்கும். அது மூன்றும் உங்களிடம் ஏற்கெனவே இருக்கு.

"யு.ஜி.சி. அப்ரூவ்டு" என்ற சொல்லில்தான் வித்தை. பல்கலைக்கழகத்துக்கு அங்கீகாரம் இருப்பது வேறு, அந்தப் படிப்பை அந்த வழியில் நடத்த அனுமதி இருப்பது வேறு. யு.ஜி.சி.யின் தொலைநிலைக் கல்விப் பிரிவு இணையதளத்தில் கல்வியாண்டு வாரியாகப் பட்டியல் போடுவார்கள். நீங்கள் சேரப்போகும் ஆண்டு, ஜனவரியா ஜூலையா, தொலைநிலையா ஆன்லைனா, படிப்பின் பெயர், எல்லாம் எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போகணும். போன வருடப் பட்டியலைக் காட்டி இந்த வருடம் சேர்ப்பது பழைய தந்திரம்.

2024-25 சேர்க்கையிலிருந்து மாணவரே தன் ஏ.பி.சி. ஐடியை (கல்வி கிரெடிட் கணக்கு எண்) வைத்து டெப் ஐடி (தொலைநிலைக் கல்விப் பிரிவின் மாணவர் எண்) எடுத்துத்தான் சேரணும். ஏஜென்ட் "ஓ.டி.பி. மட்டும் சொல்லுங்க, நாங்க போட்டுக்கிறோம்" என்பார். சொல்லிவிட்டால் உங்கள் பெயரில் எந்தப் பல்கலைக்கழகத்தில் எந்தப் படிப்பு பதிவாகுது என்றே உங்களுக்குத் தெரியாது. படிப்பு மையத்தைத் தனியாருக்குக் குத்தகை விடுவதற்கும் யு.ஜி.சி. விதியில் தடை இருக்கு. அதனால் கட்டணம் பல்கலைக்கழகக் கணக்குக்கு நேராகப் போகணும், ரசீது பல்கலைக்கழகப் பெயரில் வரணும்.

மற்றபடி தொலைநிலை என்றாலே மட்டம் என்று யாராவது சொன்னால் பயப்படவேண்டாம். அங்கீகாரம் பெற்ற தொலைநிலை, ஆன்லைன் பட்டங்கள் நேரடிப் பட்டத்துக்குச் சமம் என்று 2022 செப்டம்பரில் யு.ஜி.சி. தெளிவாகவே அறிவித்தது.

---

ராத்திரி_வாசிப்பு:

இரண்டாவது கேள்விக்கு.

உங்கள் நோக்கத்துக்கு இக்னோவின் கல்வி மேலாண்மை, நிர்வாக முதுநிலை டிப்ளமோ நேராகப் பொருந்தும். ஏதாவது ஒரு பட்டம் இருந்தால் சேரலாம். தியரி தாள்களோடு கடைசியில் ஒரு செயல்திட்டம். எம்.ஏ. எஜுகேஷன் குறைந்தது இரண்டு வருடம். தத்துவம், உளவியல், ஆய்வு முறை எல்லாம் வரும், மேலாண்மை அதில் ஒரு பகுதிதான். ஏற்கெனவே எம்.எஸ்சி. வைத்திருப்பவருக்கு இன்னொரு முதுகலைப் பட்டம் கூடுதலாக எதையும் திறந்துவிடாது.

பணம் கட்டுவதற்கு முன்னால் ஒரு வேலை செய்யுங்கள். இக்னோவின் பாடநூல்கள் இ-ஞானகோஷ் தளத்தில் இலவசமாகக் கிடைக்கும். நிறுவன மேலாண்மை பற்றிய பகுதியை இறக்கி ஒரு ஞாயிற்றுக்கிழமை படித்துப் பாருங்கள். நடை கொஞ்சம் வறட்சி. பத்துப் பக்கத்துக்கு மேல் தாங்கவில்லை என்றால் ஒரு வருடம் தாங்காது.

இப்போது நேரக் கணக்கு. இக்னோவில் ஒரு கிரெடிட் என்பது 30 மணி நேர உழைப்பு. 30 கிரெடிட் டிப்ளமோ என்றால் 900 மணி நேரம், வாரத்துக்கு 17 மணிக்கு மேல். உங்களிடம் இருப்பது 5 + 3 + 5 = 13 மணி நேரம். 52 வாரத்துக்கு 676. துண்டு விழுவது 224. வகுப்பறை அனுபவம் இருப்பதால் சில பகுதிகள் வேகமாக ஓடும், ஆனாலும் மே மாத விடுமுறையை இதற்கு ஒதுக்காமல் ஒரே வருடத்தில் முடிப்பது சிரமம்.

அதனால்தான் எந்த மாதச் சேர்க்கை என்பது முக்கியம். ஜூலையில் சேர்ந்தால் ஆண்டுப் படிப்புக்கு ஜூன் தேர்வு. ஒப்படைப்புகளை (அசைன்மென்ட்) மார்ச், ஏப்ரலில் கொடுக்கவேண்டும். அப்போதுதான் உங்களுக்குப் பொதுத்தேர்வு மேற்பார்வை, விடைத்தாள் திருத்தம் எல்லாம் சேர்ந்து வரும். தேர்வு நேரத்தில் பள்ளி திறப்பு. ஜனவரியில் சேர்ந்தால் டிசம்பர் தேர்வு, ஒப்படைப்பு செப்டம்பர், அக்டோபர் வாக்கில். மே விடுமுறை நட்டநடுவில் படிக்கக் கிடைக்கும். பள்ளி ஆசிரியர் யார் கேட்டாலும் ஜனவரி என்பதுதான் என் பதில்.

மதிப்பெண்ணில் ஒப்படைப்புக்கு 30 விழுக்காடு, தேர்வுக்கு 70. ஆட்கள் கோட்டைவிடும் இடங்கள் கிட்டத்தட்ட எப்போதும் இவைதான்:

ஒப்படைப்பு வினாத்தாள் பருவத்துக்குப் பருவம் மாறும். இணையத்தில் கிடைத்த பழைய பருவத்து வினாவுக்கு நாற்பது பக்கம் கையால் எழுதிக் கொடுத்துவிட்டு, மதிப்பெண் ஏறவில்லையே என்று மையத்துக்கு நடப்பார்கள். முதல் பக்கத்தில் பருவத்தைப் பார்த்துவிட்டுப் பேனாவைத் திறங்கள். கொடுக்கும் முன் ஜெராக்ஸ், கொடுத்தபின் ஒப்புகை.

தேர்வு விண்ணப்பம் தனி. படிப்புக்குப் பணம் கட்டியாயிற்று என்பதால் ஹால் டிக்கெட் தானாக வராது. அந்தக் கடைசித் தேதியைத் தவறவிட்டால் ஆறு மாதம் போச்சு.

செயல்திட்டம். முன்மொழிவை வழிகாட்டியின் கையொப்பம், தன்விவரம் சேர்த்து அனுப்பி, ஒப்புதல் வந்தபிறகே தரவு சேகரிக்கவேண்டும். ஒப்புதல் கடிதம் இல்லாத அறிக்கை திரும்பி வரும். தலைப்பைப் பெரிதாக வைப்பது அடுத்த வினை. "தூத்துக்குடி மாவட்டத் தனியார் பள்ளிகளில் தலைமைத்துவம்" என்று வைத்தால் நாற்பது பள்ளி வாசலில் நிற்கவேண்டும், பாதிப் பேர் உள்ளே விடமாட்டார்கள். "ஒரு பள்ளியில் எட்டாம் வகுப்பு மாணவர்களின் காலைத் தாமதம்: ஆறு வாரப் பதிவேட்டு ஆய்வு" என்றால் வருகைப் பதிவேடும் வேன் வரும் நேரமும் போதும். ஜூலை, ஆகஸ்டில் காலாண்டுக்கு முன்னால் தரவை எடுத்துவிடுங்கள்.

இன்னொன்று, காசில்லாமல் கிடைப்பது. புது தில்லி நீபா (கல்வித் திட்டமிடல், நிர்வாகத்துக்கான தேசிய நிறுவனம்) நிறுவனத்தில் 2012 முதல் பள்ளித் தலைமைத்துவத்துக்கான தேசிய மையம் இருக்கிறது. அவர்களுடைய ஆன்லைன் பள்ளித் தலைமைத்துவப் படிப்பு இலவசம். தலைமைத்துவம் பற்றிய பார்வை, சுயமேம்பாடு, கற்றல் கற்பித்தலை மாற்றுவது, குழு கட்டுவது, புதுமை, பெற்றோர், ஊரோடு கூட்டு, நிர்வாகம் என்று அவர்களது பாடத்திட்டம் ஏழு பகுதி. அரசுப் பள்ளிகளை மனதில் வைத்து எழுதியது, எனவே நிதி பற்றிய பகுதி உங்களுக்கு ஒட்டாது. மற்றவை ஒட்டும். டிப்ளமோவில் சேரும் முன் இதை ஒரு சுற்று முடித்தால், இந்த வேலை நமக்கு ஒத்துவருமா என்பதே பாதி தெரிந்துவிடும்.

---

கணக்குப்பிள்ளை:

எம்.பி.ஏ.வை யாருமே கண்டுகொள்ளவில்லையே. பல ஊர்களில் கிளை வைத்திருக்கும் பள்ளிக் குழுமங்களில் பிரின்சிபலிடம் கேட்பதே சேர்க்கை எண்ணிக்கை, கட்டண நிலுவை, போக்குவரத்துச் செலவு. பட்ஜெட் படிக்கத் தெரிந்தவருக்கு அங்கே மவுசு.

---

சுண்ணாம்புக்கட்டி:

பட்ஜெட் படிக்கத் தெரியணும், ஒத்துக்கறேன். அதற்கு இரண்டு வருடம் மார்க்கெட்டிங்கும் சப்ளை செயினும் படிக்கணுமா? தமிழ்நாட்டில் 2009 கட்டண ஒழுங்குமுறைச் சட்டப்படி கட்டணக் குழு கேட்கும் வரவு செலவுப் படிவத்தை உங்கள் பள்ளி அக்கவுண்டன்டோடு உட்கார்ந்து ஒரு தடவை நிரப்பிப் பாருங்க. சம்பளம், பி.எஃப்., கட்டடப் பராமரிப்பு, தேய்மானம், எல்லாம் ஒரே இடத்தில் வரும். எம்.பி.ஏ. குழும அலுவலகத்தில் பகுதி மேலாளர் ஆக நினைப்பவருக்குச் சரி.

---

முதல்மணி:

மூன்றாவது கேள்விக்கு யாரும் வரவில்லை, அதனால் அதை மட்டும்.

சான்றிதழைப் பார்ப்பார்கள், கோப்பில் வைப்பார்கள். பேச்சு வேறு பக்கம் போகும். வைஸ் பிரின்சிபல் நேர்காணலில் வழக்கமாகச் சுற்றிவருவது நான்கு விஷயங்கள்: கால அட்டவணை, ஆசிரியர் வராத நாள், பெற்றோர் புகார், சட்டம்.

சட்டத்தில் பலர் சறுக்குவது போக்சோ, அதாவது குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் சட்டம். "ஒரு மாணவி வகுப்பாசிரியையிடம் ஒரு விஷயம் சொல்கிறாள், நீங்கள் என்ன செய்வீர்கள்?" என்று கேட்டால், "முதலில் பள்ளிக்குள் ஒரு விசாரணைக் குழு அமைப்பேன்" என்பார்கள். தப்பு. 2012 சட்டத்தின் 19-ஆம் பிரிவுப்படி தெரிந்ததும் காவல்துறைக்கோ சிறப்புச் சிறார் காவல் பிரிவுக்கோ சொல்லியாக வேண்டும். உண்மையா பொய்யா என்று தீர்மானிப்பது பள்ளியின் வேலை இல்லை. நிறுவனப் பொறுப்பில் இருப்பவர் சொல்லாமல் விட்டால் 21-ஆம் பிரிவில் ஓராண்டு வரை சிறை. குழந்தையைத் திரும்பத் திரும்பக் கேள்வி கேட்காமல் இருப்பது, பெயர் வெளியே போகாமல் பார்ப்பது, 1098 என்ற குழந்தைகள் உதவி எண், இவையெல்லாம் நாக்கு நுனியில் இருக்கவேண்டும். நிர்வாகம் "பள்ளிப் பேர் கெட்டுப்போகும்" என்று தடுத்தால் என்ன செய்வீர்கள் என்பது அடுத்த கேள்வியாக வரும். அங்கே தயங்கினால் தெரிந்துவிடும்.

கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணையையும் ஒருமுறை வாசியுங்கள், ஒரு பக்கம்தான். 1 முதல் 5 வரை 200 வேலை நாள், 800 பாட மணி. 6 முதல் 8 வரை 220 நாள், 1000 மணி. ஆசிரியருக்கு வாரம் 45 மணி நேரம், தயாரிப்பு நேரமும் சேர்த்து. மழை விடுமுறை எட்டு நாள் போனால் சனிக்கிழமைகளை எப்படி ஈடுகட்டுவது என்ற கேள்வி இந்த எண்களில்தான் நிற்கிறது. சி.பி.எஸ்.இ. என்றால் ஒவ்வொரு ஆசிரியருக்கும் ஆண்டுக்கு 50 மணி நேரப் பயிற்சி. அதைப் பதிவுசெய்து கணக்குக் காட்டுவது பெரும்பாலும் வைஸ் பிரின்சிபல் தலையில்தான் விழும்.

இனி கால அட்டவணை. உங்கள் பள்ளியில் மிடில் பிளாக்கை மட்டும் எடுத்துக்கொண்டு, எத்தனை ஆசிரியர் வேண்டும் என்று கணக்குப் போட்டு இங்கே எழுதுங்கள். கணக்கு டீச்சர் நீங்கள், எளிதாக வரும். வந்தபின் அதில் என்ன தப்பு என்று சொல்கிறேன்.

---

புதுகை_அரசுப்பள்ளி:

இடையில் புகுவதற்கு மன்னிக்கவும். அரசுப் பள்ளியில் இருப்பவர்கள் இதே டிப்ளமோ படித்தால் தலைமையாசிரியர் பதவிக்கு ஏதாவது முன்னுரிமை உண்டா?

---

சுண்ணாம்புக்கட்டி:

இல்லை சார். அங்கே பதவி உயர்வு முன்னுரிமைப் பட்டியல்படி. ஜனவரி 1 நிலவரப்படி பட்டியல் போடும்போது டிப்ளமோவுக்கு இடமில்லை. உயர்கல்விக்கான பழைய ஊக்க ஊதிய உயர்வையும் 2020 மார்ச்சில் நிறுத்திட்டாங்க. அறிவுக்காகப் படிக்கலாம்.

படிப்பதானால் துறை முன் அனுமதி வாங்காமல் சேராதீங்க. பிறகு பணிப்பதிவேட்டில் ஏற்றும்போது அதுதான் முதல் கேள்வி, இரண்டாவது உண்மைத்தன்மைச் சான்று. பத்தாவது, பிளஸ் டூ, பட்டம் என்ற வரிசை மாறிப் படித்தவர்களுக்கு 2009 அரசாணைப்படி மேலே எத்தனை பட்டம் அடுக்கினாலும் அரசு வேலைக்கு எடுபடாது. 1 முதல் 8 வரை எடுப்பவர் என்றால், பதவி உயர்வுக்கு டெட் (ஆசிரியர் தகுதித் தேர்வு) தேர்ச்சி வேண்டும் என்று 2025 செப்டம்பர் 1 அன்று உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கு. இரவு ஒரு மணி நேரம்தான் இருக்குன்னா அதை டெட்டுக்குக் கொடுங்க.

---

கோவில்பட்டி_கணக்கு:

எல்லோருக்கும் நன்றி. ஏஜென்சிக்கு ஃபோன் செய்து, படிப்பின் பெயர் யு.ஜி.சி. பட்டியலில் எந்த வரிசையில் இருக்கிறது என்று கேட்டேன். "மேலிடத்தில் கேட்டுச் சொல்கிறோம்" என்றார்கள். அதை விட்டாயிற்று. நீபா படிப்பில் பதிவு செய்துவிட்டேன், டிப்ளமோ ஜனவரியில்.

முதல்மணி சாருக்கு: 6 முதல் 9 வரை, வகுப்புக்கு இரண்டு செக்ஷன், ஆக 8. நாளுக்கு 8 பீரியட், வாரம் 5 நாள், ஒரு செக்ஷனுக்கு 40. மொத்தம் 320. ஒரு ஆசிரியருக்கு வாரம் 28 பீரியட். 320-ஐ 28-ஆல் வகுத்தால் 11.43. ஆக 12 பேர் போதும். ஆனால் இந்த பிளாக்கில் 13 பேர் இருக்கிறார்கள். ஒருவர் கூடுதல் என்றுதானே அர்த்தம்?

---

முதல்மணி:

நிர்வாகத்திடம் இந்த 12-ஐச் சொல்லிவிடாதீர்கள், ஒருவர் வேலை போய்விடும்!

வகுத்தது சரி, வகுக்கக்கூடாத இடத்தில் வகுத்துவிட்டீர்கள். ஆசிரியர் பாடத்தோடு ஒட்டியவர். பாடவாரியாகப் போடுங்கள். ஒரு செக்ஷனின் 40 பீரியட்டில் தமிழ் 6, ஆங்கிலம் 7, கணக்கு 7, அறிவியல் 7, சமூக அறிவியல் 6, கணினி 2, விளையாட்டு 2, ஓவியம் 1, நூலகம் 1, நன்னெறி 1 என்று வைப்போம். உங்கள் பள்ளியில் ஒன்றிரண்டு கூடக் குறைய இருக்கலாம்.

எட்டு செக்ஷனுக்கு ஆங்கிலம், கணக்கு, அறிவியல் தலா 56. பாடத்துக்கு இரண்டு பேர், இருவருக்கும் முழு 28. தமிழும் சமூக அறிவியலும் தலா 48, 1.71 வரும், ஆளைப் பின்னமாக எடுக்க முடியாது, எனவே அங்கேயும் இருவர். ஆக 10. கணினிக்கு ஒருவர், விளையாட்டுக்கு ஒருவர், ஓவியத்துக்கு ஒருவர். 13. தமிழ் ஆசிரியர்களிடம் மிஞ்சும் 8 பீரியட்டில் நன்னெறி, சமூக அறிவியலில் மிஞ்சும் 8-இல் நூலகம். கணக்கு முடிந்தது, யாரும் கூடுதல் இல்லை. உண்மையில் அதிகம் மிச்சமிருப்பது ஓவிய ஆசிரியரிடம். அவருக்கு வாரம் 8 பீரியட்தான். பகுதி நேரம் ஆக்கலாமா, தொடக்கப் பிரிவோடு பகிரலாமா என்பது பேசவேண்டிய விஷயம்.

இப்போது இதை உடைத்துப் பாருங்கள். கணக்கு டீச்சர் ஒருவர் லீவு. அவருக்கு அன்று ஐந்தோ ஆறோ பீரியட். இன்னொரு கணக்கு டீச்சருக்கும் அதே அளவு வகுப்பு இருக்கிறது. அவர் காலியாக இருப்பது இரண்டோ மூன்றோ பீரியட். அந்த இரண்டும் லீவு எடுத்தவரின் பீரியட்டோடு மோதாமல் அமைந்தால்கூட, மிச்சம் மூன்று வகுப்புக்குக் கணக்கு தெரியாத ஒருவர்தான் போவார். அவர் கையில் கொடுக்க ஒரு பயிற்சித்தாள் தயாராக இருக்கிறதா? அலமாரியில் வகுப்புவாரியாக இரண்டு செட் ஜெராக்ஸ், விடையோடு. நேர்காணலில் "மூன்று பேர் லீவு, மணி 8.25, என்ன செய்வீர்கள்" என்று கேட்கும்போது எதிர்பார்ப்பது இந்த மாதிரி பதில்தான். அதை மட்டும் வைத்தே ஒரு செயல்திட்டத் தலைப்பு எழுதலாம்: ஒரு பருவத்தில் மாற்று ஆசிரியர் சென்ற பீரியட்கள் எத்தனை, அவற்றில் பாடம் நடந்தவை எத்தனை. பதிவேடு உங்கள் ஸ்டாஃப் ரூமிலேயே தொங்கிக்கொண்டிருக்கும்.

---

கோவில்பட்டி_கணக்கு:

தொங்குகிறது சார். ஜூனிலிருந்து இருக்கிறது, ஆனால் "பாடம் நடந்ததா" என்ற கட்டமே அதில் இல்லை. நாளைக்கு ஒரு கோடு போட்டுச் சேர்க்கிறேன்.